குடும்பத்தோடு ஆப்பிரிக்க வேட்டைப் பயணம்: நமீபியாவா, ஈஸ்டர்ன் கேப்பா, லிம்போபோவா?

பிரேசோஸ்கரை | 14 செப்டம்பர் 2024

வணக்கம். ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டில் 16 வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பழக்கிவிட்டதில் எட்டு வருடமாக மான் வேட்டைக்குப் போகிறேன். பையன் டெக்சஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு இரண்டு சீசனாக என்னோடு வருகிறான். இதுவரை அவன் கணக்கில் இரண்டு வெள்ளைவால் மான், ஒரு காட்டுப்பன்றி. அடித்ததை நாங்களே உரித்து, வெட்டி, சமைத்துச் சாப்பிடுகிறோம்.

அடுத்த ஜூலையில் அவனுக்கு 14 வயது முடிகிறது. அந்தக் கோடை விடுமுறையில் நாலு பேரும் தெற்கு ஆப்பிரிக்கா பக்கம் போகலாம் என்று இரண்டு வருடமாகச் சேமிக்கிறேன். சிங்கம், யானை, எருமை பக்கமே போகப்போவதில்லை. இம்பாலா, ஸ்ப்ரிங்பாக், ஓரிக்ஸ், முடிந்தால் கூடு (kudu) என்ற பெரிய மான் ஒன்று. எல்லாமே மான் மாதிரியான விலங்குகள். அவ்வளவுதான் ஆசை.

சிக்கல் வீட்டில்தான். மனைவி துப்பாக்கியைத் தொட மாட்டாள். பெண்ணுக்கு 9 வயது. "நீங்க ரெண்டு பேரும் காட்டுல இருக்கும்போது நானும் பாப்பாவும் பத்து நாள் என்ன செய்யுறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மூன்று இடங்களிலிருந்து விலைப்பட்டியல் வந்திருக்கிறது. நமீபியாவில் வேட்டையாடுபவருக்கு நாளுக்கு 380 டாலர், கூட வருபவருக்கு 160. ஸ்ப்ரிங்பாக் 450, ஓரிக்ஸ் 650, கூடு 1,900. தென் ஆப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப்பில் நாள் வாடகையும் நாலு விலங்கும் சேர்த்து ஒரே தொகை. அதே நாட்டின் லிம்போபோவில் நாள் வாடகை எல்லாவற்றையும்விடக் குறைவு, விலங்கு விலை அதிகம். எதை வைத்து முடிவு செய்வது? போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

ஜோபர்க்_வாசி | 14 செப்டம்பர் 2024

பட்டியலில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காயம் பட்டு ஓடிப்போன விலங்குக்கும் முழுப் பணம் கட்ட வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் அது உங்கள் கணக்கு. இந்த விதி மூன்று இடத்திலும் ஒன்றுதான். வழிகாட்டி, தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையல்காரர் என்று எல்லோருக்கும் கடைசி நாளில் அன்பளிப்பு உண்டு. அதைத் தனித்தனி உறையில் போட்டு நீங்களே கையில் கொடுப்பது நல்லது. கொம்பையும் தோலையும் ஊருக்கு அனுப்பும் செலவு தனி. அமெரிக்காவுக்கு ஒரு மரப்பெட்டி போய்ச் சேர 2,000 டாலர் ஆனதாக என்னோடு வேலை பார்ப்பவர் சொன்னார். தலையைப் பதப்படுத்திச் சுவரில் மாட்டும் எண்ணம் இல்லையென்றால் மண்டையோட்டையும் கொம்பையும் மட்டும் சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் மிஞ்சும்.

அடுத்தது வேலி. இங்கே தென் ஆப்பிரிக்காவில் 1991-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, சரியாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் விலங்கு அந்த நிலத்துக்காரருக்கே சொந்தம். அதனால்தான் மாட்டுப் பண்ணைகள் ஆயிரக்கணக்கில் வனவிலங்குப் பண்ணைகளாக மாறின. அதில் நல்லவை நிறைய. ஆனால் நான் ஒருமுறை லிம்போபோவில் போன இடம் அப்படி இல்லை. முதல் நாள் காலையிலேயே ஒரு இம்பாலா கிடைத்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் காதில் வளையம் மாட்டிய ஓட்டை, இன்னும் ஆறாத புண். முந்தின வாரம் ஏலத்தில் வாங்கி வந்து இறக்கிவிட்டிருந்தார்கள். எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த விலங்குக்கே தெரியாது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதிப் பணத்தை விட்டுவிட்டு மறுநாளே திரும்பினேன்.

அதனால் இந்த மூன்றையும் கேளுங்கள். எத்தனை ஹெக்டேர்? உள்ளே குறுக்கு வேலி இருக்கிறதா? கடைசியாக எப்போது வெளியிலிருந்து விலங்கு கொண்டுவந்து விட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராத இடத்துக்குப் பையனைக் கூட்டிப் போகாதீர்கள்.

---

கலஹாரி_மணல் | 15 செப்டம்பர் 2024

தம்பி, நான் நமீபியத் தலைநகர் விண்ட்ஹோக்கில் 11 வருடமாகக் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பண்ணைக்காரர்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் வேட்டை விருந்தினர்களை ஏற்கிறவர்கள். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமீபியாவின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. எல்லோரும் என்ன விலங்கு, என்ன விலை என்று தொடங்குகிறார்கள். வேட்டையாடாத இருவருக்கு எந்த இடம் நல்லது என்று முதலில் பாருங்கள். வேட்டை மூன்று இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். மற்ற இருவரின் பகல் பொழுதுதான் இடத்துக்கு இடம் மாறும்.

இங்கே பெரும்பாலான வேட்டைப் பண்ணைகளில் இன்றும் மாடு வளர்க்கிறார்கள். ஐயாயிரம் ஹெக்டேர், எட்டாயிரம் ஹெக்டேர் என்பதெல்லாம் சாதாரணம். மாட்டுக்குப் போட்ட வேலி இடுப்பு உயரம், நெஞ்சு உயரம். கூடு அதை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். ஓரிக்ஸ் அடியில் நுழைந்து போகும். வார்ட்ஹாக் பன்றி பள்ளம் பறித்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட நிலத்தில் இன்று பார்த்த கூட்டம் நாளை பக்கத்துப் பண்ணையில் இருக்கும். உயர வேலி போட்ட இடங்களும் உண்டு, கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

வேட்டைக் காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. உங்கள் ஜூலை இங்கே நடுக் குளிர்காலம். மழை இருக்காது, இலை உதிர்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். பகலில் 20 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். திறந்த பக்கியில், இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர், காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் காது விறைத்துவிடும். குல்லா, கையுறை இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள்.

ஒரு நபருக்கு ஒரு அனுமதிச் சீட்டில் ஒரு இனத்தில் இரண்டு விலங்குக்கு மேல் கிடையாது. பதிவு பெற்ற வழிகாட்டி கூட இல்லாமல் வெளிநாட்டவர் வேட்டையாட முடியாது. 1974-லிருந்து இயங்கும் நாப்பா என்ற தொழில்முறை வேட்டைக்காரர் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். கொம்பின் நீளத்தைவிட விலங்கின் வயதுக்கு மதிப்புக் கொடுத்துப் பதக்கம் வழங்கும் முறை அவர்களிடம் உண்டு. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கொம்பு எத்தனை அங்குலம் என்றே பேசுகிறவரைவிட, "இந்தக் கிழத்துக்குப் பல் தேய்ந்துவிட்டது, அடுத்த வறட்சியைத் தாங்காது" என்று பேசுகிறவரிடம்தான் நான் என் பிள்ளையை அனுப்புவேன்.

ஒரு யோசனை. முதலாளியிடம் பேசியபின், பண்ணையில் யார் சமைக்கிறார்களோ அவரிடம் உங்கள் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பண்ணைக்காரரின் மனைவியாக இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாம், குழந்தைக்குக் காரம் குறைவாக வேண்டும், ஒரு நாள் சமையலறையை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்கட்டும். அந்தப் பேச்சு எப்படிப் போகிறதோ, பத்து நாளும் அப்படித்தான் போகும்.

---

கோடியக்கரை_வெளிமான் | 15 செப்டம்பர் 2024

இந்த இழையைப் படித்து மனது கஷ்டமாக இருக்கிறது. நான் வேதாரண்யத்துக்காரன். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் கோடியக்கரைக்குக் கூட்டிப் போய் வெளிமான் காட்டுவார். அது துள்ளி ஓடுவதைப் பார்த்த கண்ணால் நீங்கள் எழுதியிருக்கும் விலைப்பட்டியலைப் பார்க்க முடியவில்லை. ஸ்ப்ரிங்பாக் 450 டாலர். ஒரு உயிருக்கு. நம் நாட்டில் 1972-லேயே சட்டம் போட்டு நிறுத்தியதை, பணம் இருப்பதால் இன்னொரு நாட்டில் போய்ச் செய்கிறோம். அதுவும் 14 வயதுப் பிள்ளையை வைத்து. உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. உண்மையிலேயே கேட்கிறேன், கேமராவோடு போனால் போதாதா?

---

பிரேசோஸ்கரை | 16 செப்டம்பர் 2024

கோடியக்கரை அண்ணா, கேட்டதற்கு நன்றி. நேராகப் பதில் சொல்கிறேன். நான் இறைச்சி சாப்பிடுகிறவன். கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும் கறியைவிட, நானே அடித்து நானே வெட்டிய கறி எனக்கு நேர்மையாகப் படுகிறது. பையனுக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அதே வெளிமான் இங்கே டெக்சஸில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 1930-களில் கொண்டுவந்து விட்டார்கள். பண்ணைக்காரர்கள் வேட்டை வருமானத்துக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். நான் அதை அடித்ததில்லை. அடிக்கவும் மாட்டேன், கிண்டியில் பார்த்து வளர்ந்தவன். இதில் முரண்பாடு இருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது.

---

கலஹாரி_மணல் | 16 செப்டம்பர் 2024

கோடியக்கரை நண்பரே, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முதல் வருடம் எனக்கும் அதுதான் இருந்தது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இங்கே பண்ணைக்காரருக்கு மழை பெய்தால்தான் புல். அந்தப் புல்லை மாடு தின்கிறது, ஓரிக்ஸும் தின்கிறது. ஓரிக்ஸால் ஒரு காசு வரவில்லை என்றால் அவர் அதை எத்தனை நாள் விட்டுவைப்பார்? 1960-களின் கடைசியிலும் 1975-லும் வந்த சட்டங்கள் பண்ணைக்காரருக்குத் தன் நிலத்தின் விலங்கில் உரிமை கொடுத்தன. அதன்பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் கிராமங்களுக்கும் அதே வாய்ப்பைக் கொடுத்தார்கள். 1998-ல் நாலு இடத்தில் தொடங்கியது, இன்று 86 சமூகக் காப்பகங்கள். வேட்டைப் பணம் காவலாளிச் சம்பளமாகவும், இறைச்சி வீடுகளுக்கும் போகிறது.

கேமரா போதாதா என்றால், எட்டோஷா தேசியப் பூங்கா போன்ற இடத்தில் போதும். அங்கே பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். வெறும் முட்செடியும் மணலுமான ஒரு மாட்டுப் பண்ணைக்குக் கேமராவோடு யார் வருவார்கள்?

எல்லாம் நல்லபடி நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். தென் ஆப்பிரிக்காவில் கூண்டில் வளர்த்த சிங்கத்தைச் சுடுவதை 2017-ல் அங்கத்திய வேட்டைக்காரர் சங்கமே ஏற்றுக்கொண்டது. அதைப் பொறுக்காமல் பலர் வெளியேறி வேறு அமைப்பு தொடங்கினார்கள். கறுப்பு இம்பாலா, பொன்னிற வில்டபீஸ்ட் என்று நிறத்துக்காக இனவிருத்தி செய்து விற்கும் வியாபாரமும் இருக்கிறது. அதெல்லாம் எனக்கும் அருவருப்புதான். தம்பி, விலைப்பட்டியலில் அந்த நிறங்கள் இருந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

---

கோடியக்கரை_வெளிமான் | 17 செப்டம்பர் 2024

பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நான் இன்னும் உடன்படவில்லை. பண்ணைக்காரரின் கணக்கு புரிகிறது, ஆனால் கணக்கு சரியாக வருவதாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் போவதால் ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தக் கட்டத்திலும் பையன் "வேண்டாம்" என்று சொன்னால் அதை மதிக்கிற வழிகாட்டியாகப் பாருங்கள்.

---

அனிச்சம் | 19 செப்டம்பர் 2024

கோடியக்கரை அண்ணா கடைசியில் கேட்டதைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். நான் பெர்த்தில் இருக்கும் குழந்தைகள் மருத்துவர். 2022 ஜூலையில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஈஸ்டர்ன் கேப் போனோம். வேட்டையாடியது கணவரும் மூத்த மகளும். நானும் எட்டு வயது மகனும் கூடப் போனவர்கள்.

இரண்டாம் நாள் மகள் ஒரு ப்ளெஸ்பாக் மான் அடித்தாள். மகன் ஓடிப்போய் அதன் கண்ணைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பதற்றம். வழிகாட்டி எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அழலாம், நானும் அழுதிருக்கிறேன்" என்று சொல்லி, அதன் கழுத்தைத் தடவிக் காட்டினார். புகைப்படம் எடுக்க அவசரப்படவில்லை. அரை மணி நேரம் அப்படியே போனது. மறுநாள் மகன் வேட்டைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் அவனே வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். பத்துக் கடிதம் எழுதி விசாரித்தாலும் இப்படிப்பட்ட ஒருவர் கிடைப்பார் என்று உறுதி இல்லை. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பொதுவாக "பழைய விருந்தினர் எண் கொடுங்கள்" என்று கேட்காமல், உங்கள் பிள்ளைகள் வயதில் பிள்ளைகளோடு வந்த குடும்பத்தின் எண்ணைக் கேளுங்கள். அப்பாவிடம் பேசாமல் அந்த அம்மாவிடம் பேசுங்கள்.

கூட வருபவர்களுக்குத் தனி வண்டி, தனி ஓட்டுநர் உண்டா என்பது இன்னொரு முக்கியமான கேள்வி. எங்கள் பண்ணையில் இருந்தது, அதனால் ஆடோ தேசியப் பூங்காவில் யானை பார்த்தோம், ஒரு நாள் கடற்கரைக்குப் போனோம், மற்ற நாட்களில் குதிரைச் சவாரி. அந்த வண்டி இல்லையென்றால் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நீங்கள் தங்கும்போது வேறு குழு அங்கே இருக்குமா என்றும் கேளுங்கள். இரவு முழுக்கக் குடித்துக் கும்மாளம் போடும் கூட்டத்தோடு ஒரே விடுதியில் குழந்தைகளை வைத்திருக்க முடியாது.

உடம்பு விஷயம். ஈஸ்டர்ன் கேப்பில் மலேரியா கிடையாது. லிம்போபோவில் வாட்டர்பெர்க் பக்கம் பிரச்சினை இல்லை, வடக்கு எல்லை ஆற்றோரமும் க்ரூகர் தேசியப் பூங்காப் பக்கமும் உண்டு. நமீபியாவின் நடுப்பகுதியும் தெற்கும் கவலையில்லை, வடக்கே போகப் போகத்தான் ஆபத்து. ஜூலை வறண்ட காலம் என்பதால் எட்டோஷாவிலும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் போகும் வழியை வரைபடத்தில் குறித்து உங்கள் ஊர்ப் பயண மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அடோவக்வோன்-ப்ரோகுவானில் என்ற மலேரியாத் தடுப்பு மாத்திரையைக் குழந்தையின் எடைக்கு ஏற்பத் தருவார்கள். இதைவிட நான் அதிகம் பார்த்தது உண்ணிக் காய்ச்சல். புல்லில் நடந்துவிட்டு வந்ததும் தினமும் இரவு குளிக்கும்போது குழந்தைகளின் தொடையிடுக்கு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள். கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கும் கூடவே காய்ச்சல் தலைவலியும் வந்தால், ஊர் திரும்பிய பிறகாக இருந்தாலும், மருத்துவரிடம் "ஆப்பிரிக்கா போயிருந்தோம்" என்று முதலில் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவர் பெயரும் உள்ளது, கையில் இருக்கட்டும். தென் ஆப்பிரிக்கா வழியாகப் போனாலும் சரி, நமீபியாவுக்கு நேராகப் போனாலும் சரி.

---

பிரேசோஸ்கரை | 22 செப்டம்பர் 2024

டாக்டர், நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவள்தான் கேள்விப் பட்டியல் தயார் செய்கிறாள்.

துப்பாக்கியை இங்கிருந்து கொண்டுபோகலாமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா? பையனிடம் இருப்பது 7எம்எம்-08 தோட்டா போடும் துப்பாக்கி, அவனுக்குப் பழகியது.

---

ஜோபர்க்_வாசி | 22 செப்டம்பர் 2024

தென் ஆப்பிரிக்கா என்றால் காவல்துறையின் எஸ்ஏபிஎஸ் 520 என்ற படிவம், பண்ணையிலிருந்து அழைப்புக் கடிதம், உங்கள் ஊர்ச் சுங்கத்துறையின் 4457 படிவம் எல்லாம் வேண்டும். விமான நிலையத்தில் காவல்துறை அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே பையன் பெயரில் அனுமதி கிடைக்காது. உங்கள் பெயரில் எடுத்து, உங்கள் கண்பார்வையில் அவன் பயன்படுத்தலாம். நமீபியாவில் இறங்கியதும் ஒரு படிவம், வேலை சுலபம். ஆனால் ஜோகன்னஸ்பர்கில் விமானம் மாறினால் இடையில் என்ன காகிதம் வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

கலஹாரி_மணல் | 23 செப்டம்பர் 2024

குழந்தைகளோடு, நாலு பெட்டியோடு வருகிறவருக்கு என் யோசனை: பண்ணைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் .308 தோட்டா போடுவது, முனையில் சத்தம் குறைக்கும் குழலும் இருக்கும். உதைப்பும் குறையும், காதுக்கும் நல்லது. இங்கே தோட்டாவின் ஆற்றலுக்குச் சட்டம் உண்டு. ஸ்ப்ரிங்பாக்குக்கு 1,350 ஜூல், ஓரிக்ஸ், கூடு, ஹார்ட்டபீஸ்ட் என்ற இன்னொரு மான் எல்லாவற்றுக்கும் 2,700 ஜூல் குறைந்தபட்சம். .308 தாராளமாகத் தாண்டும், உங்கள் 7எம்எம்-08ம் தாண்டும். .243 சில தோட்டாக்களில் தாண்டாது.

துப்பாக்கியைவிடப் பெரிய விஷயம், எங்கே சுடுவது என்பது. டெக்சஸ் மானுக்கு முன்சப்பைக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துச் சுட்டுப் பழகியிருப்பான். இங்கத்திய விலங்குகளுக்கு இதயம் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கும். முன்னங்காலின் நேர்க்கோட்டில், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பழக்கத்தில் ஒரு கை அகலம் பின்னால் போனால் வயிற்றில் படும், அப்புறம் நாள் முழுக்கத் தேட வேண்டும். இந்த விலங்குகளின் படத்தை அச்சடித்து அவனை இப்போதிருந்தே குறி வைத்துப் பழகச் சொல்லுங்கள். மேசையில் வைத்து அல்ல. இங்கே மூன்று கால் கம்பில் துப்பாக்கியை ஊன்றி நின்றபடிதான் சுடுவார்கள். வீட்டுக் கொல்லையில் தோட்டா இல்லாமலேயே அதைப் பழகலாம்.

---

பிரேசோஸ்கரை | 11 ஜனவரி 2025

முடிவு செய்துவிட்டோம். ஏழு இடங்களோடு பேசினோம். மனைவி நாலு பண்ணை வீட்டுப் பெண்களோடு பேசினாள். ஒருவர் "வேட்டையாடாதவர்களுக்கு நீச்சல் குளம் இருக்கிறது" என்றாராம், ஜூலையில். ஈஸ்டர்ன் கேப்பில் ஓர் இடம் கிட்டத்தட்ட முடிவாகி, அதே வாரத்தில் 12 பேர் குழு வருவதாகத் தெரிந்து விட்டுவிட்டோம். அது மட்டும் இல்லையென்றால் ஆடோவுக்காகவே அங்கே போயிருப்போம். அந்தப் பக்கம் மலைச் சரிவில் 200 மீட்டருக்கு மேல் சுட வேண்டியிருக்கும் என்று வழிகாட்டியே சொன்னதும் பையனை நினைத்து யோசிக்க வைத்தது.

கடைசியில் நமீபியா. விண்ட்ஹோக்குக்குக் கிழக்கே, கோபாபிஸ் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. ஆறு நாள் வேட்டை, விடுதியில் நாங்கள் மட்டும். முன்பணம் கட்டும் முன் அந்தப் பண்ணைக்காரம்மா மனைவியோடு 50 நிமிடம் பேசினார். பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று அவராகவே கேட்டார். "பல்லி, பூச்சி, தடம்" என்று இவள் சொல்ல, "அப்படியானால் அவளைத் தடம் பார்க்கிறவரிடம் விட்டுவிடுங்கள்" என்றாராம்.

---

கலஹாரி_மணல் | 3 ஏப்ரல் 2025

தம்பி, கவனியுங்கள். ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கும் நமீபியா விசா கேட்கிறது. கட்டணம் 1,600 நமீபிய டாலர். வந்து இறங்கியும் எடுக்கலாம், ஆனால் வரிசை நீளம். இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

---

பிரேசோஸ்கரை | 9 ஆகஸ்ட் 2025

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. உதவிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனோம், துப்பாக்கி கொண்டுபோகவில்லை. மதியம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் வழிகாட்டி பையனை ஒரு அட்டைப் பலகையில் மூன்று குண்டு சுடச் சொன்னார். மூன்றும் சரியாகப் பட்டும், "நாளைக்குச் சுட வேண்டாம், நடக்க மட்டும் செய்வோம்" என்றார். முதல் நாள் முழுக்க நடைதான். சிவப்பு மணல், ஒட்டக முள் மரம், கணுக்காலைப் பிடிக்கும் எறும்புத்தின்னிப் பள்ளம். மாலையில் பையன் அலுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் நாளைக்கு எந்தப் பக்கம் காற்று என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் ஸ்ப்ரிங்பாக். 110 மீட்டர், ஒரே குண்டு, நின்ற இடத்தில் விழுந்தது. விழுந்ததும் அதன் முதுகில் இருந்த வெள்ளை மயிர் விசிறி மாதிரி விரிந்தது. அதிலிருந்து தேன் மாதிரி ஒரு வாசனை வரும், முகர்ந்து பார் என்றார் வழிகாட்டி. சில நிமிடத்தில் அது அடங்கிவிடுகிறது. நாலு பேரும் மண்டியிட்டு முகர்ந்தோம். மனைவியும்தான்.

நாலாம் நாள் ஓரிக்ஸ். கிழட்டுப் பெண் விலங்கு. ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு, பெண்ணுக்குத்தான் நீளம். கலஹாரி அண்ணன் எச்சரித்தது அப்படியே நடந்தது. விலங்கு லேசாகத் திரும்பிய நேரத்தில் பையன் பழைய பழக்கத்தில் ஒரு கை பின்னால் சுட்டுவிட்டான். அது ஓடியது. அவன் முகம் வெளுத்துவிட்டது. வழிகாட்டி கோபப்படவில்லை, "அரை மணி நேரம் உட்காருவோம், துரத்தினால் இன்னும் தூரம் போகும்" என்றார். தடம் பார்ப்பவர் அங்கத்திய பூர்வகுடியான சான் இனத்துப் பெரியவர். அவர் மூன்று மணி நேரம் அந்த ஒரு தடத்தை மற்ற இருபது தடங்களிலிருந்து பிரித்துப் பிரித்துப் போனார். ரத்தம் வெகு தூரத்துக்கு இல்லவே இல்லை. ஒரு முட்புதரடியில் படுத்திருந்தது, தலையை நிமிர்த்திப் பார்த்தது. கொம்பு வீச்சுக்குள் யாரும் போகாதீர்கள் என்று எங்களை நிறுத்திவிட்டு, வழிகாட்டி பையனிடம் "முடிப்பது உன் வேலை, முடியாது என்றால் நான் செய்கிறேன், இரண்டும் சரிதான்" என்றார். கோடியக்கரை அண்ணா, அப்போது உங்களைத்தான் நினைத்தேன். அவன் செய்தான். வண்டியில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "அந்த மூணு மணி நேரம் அதுக்கு எப்படி இருந்திருக்கும்ப்பா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். கூடு வாய்ப்பு ஆறாம் நாள் வந்தது, 230 மீட்டரில். "தூரம் அதிகம், எனக்கு உறுதியா இல்ல" என்று அவனே துப்பாக்கியை இறக்கிவிட்டான். வழிகாட்டி தலையாட்டிவிட்டு நடந்தார்.

பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை வேட்டை முடிந்ததும் அந்தப் பெரியவர் அவளை அழைத்துக்கொண்டு பண்ணையைச் சுற்றுவார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. மூன்றாம் நாளே ஓரிக்ஸ் குளம்பையும் ஹார்ட்டபீஸ்ட் குளம்பையும் பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தடத்தின் மேல் வண்டு நடந்த கோடு இருந்தால் அது ராத்திரி போன விலங்கு என்று எனக்கு விளக்கினாள். மனைவிக்குச் சமையலறை கிடைத்தது. ஓரிக்ஸ் தொடைக்கறியில் மிளகு வறுவல் செய்தாள், கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறியைவிட மென்மை. பண்ணை ஆட்கள் பாதி விலங்கை எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் பண்ணைக் குளிர்பெட்டிக்கும் ஊர்க் கறிக்கடைக்கும் போனது. நாங்கள் கறி எதையும் கொண்டுவரவில்லை, கொண்டுவர அனுமதியும் இல்லை.

பிறகு மூன்று நாள் எட்டோஷா. ஒகாகுவேஜோ முகாமில் இரவு விளக்கு போட்ட தண்ணீர்த் துறையில் பத்தரை மணி வரை குளிரில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தோம். கறுப்புக் காண்டாமிருகம் இரண்டு வந்தன. இருட்டிய பிறகு சாலையில் ஓட்ட வேண்டாம், கூடு குறுக்கே பாயும் என்று பண்ணையில் சொன்னதை மட்டும் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் முன்பக்கம் நசுங்கிய வண்டியைக் கண்ணால் பார்த்தோம்.

ஒரே குறை: தூரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். கோபாபிஸிலிருந்து எட்டோஷா 600 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் விண்ட்ஹோக்கில் ஓர் இரவு தங்கியும் குழந்தைகள் களைத்துவிட்டார்கள். எட்டோஷா வேண்டும் என்கிறவர்கள் ஒட்ஜிவரோங்கோ பக்கம் பண்ணை பாருங்கள். இரண்டு மண்டையோடும் அங்கேதான் இருக்கின்றன, ஹூஸ்டன் துறைமுகத்துக்கு வர இன்னும் மாதங்கள் ஆகுமாம்.

---

அனிச்சம் | 9 ஆகஸ்ட் 2025

படித்து மகிழ்ந்தேன். உண்ணி?

---

பிரேசோஸ்கரை | 9 ஆகஸ்ட் 2025

எனக்கு ஒன்று, இடுப்பில். தினமும் தேடியதால் அன்றே கிடைத்துவிட்டது. காய்ச்சல் எதுவும் இல்லை டாக்டர்.

---

கோடியக்கரை_வெளிமான் | 10 ஆகஸ்ட் 2025

முழுவதும் படித்தேன். என் எண்ணம் மாறவில்லை, ஆனால் உங்கள் பையன் துப்பாக்கியை இறக்கிய இடத்தை இரண்டு முறை படித்தேன். பாப்பா தடம் பார்க்கிறாள் என்றால் ஊருக்கு வரும்போது இங்கே கூட்டி வாருங்கள். கோடியக்கரையில் சேற்றில் வெளிமான், நரி, காட்டுக்குதிரை மூன்றின் தடமும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

---

பிரேசோஸ்கரை | 10 ஆகஸ்ட் 2025

கண்டிப்பாக வருகிறோம் அண்ணா. பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக இருக்கிறோம். ஜனவரி நடுவில் சரியாக இருக்குமா?

---

கோடியக்கரை_வெளிமான் | 11 ஆகஸ்ட் 2025

நல்ல நேரம். மழை விட்டிருக்கும், பூநாரையும் இருக்கும். வேதாரண்யத்தில் தங்குங்கள், காலை ஆறு மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். பாப்பாவுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். கட்டிய ஷூ போட்டுக் கூட்டி வாருங்கள்.